"அலுப்பாத்தான் இருக்கு" என்று அவள் சொன்னபோது

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் எங்கள் வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)



விழாக்குழு எங்களிடம் கேட்டது பெண்களின் ஆரோக்கியம் பற்றி ஓர் உரை. எங்கள் வகுப்பில் வைத்தியம் படித்தவர்கள் இருவர் இருக்கிறோம் என்பதால் இந்தப் பொறுப்பு எங்களுக்கு வந்தது. சீனி, பிரஷர், இரத்தச்சோகை என்று பேசியிருக்கலாம். அவையெல்லாம் முக்கியம்தான். ஆனால் வகுப்புத் தோழிகள் கூடிப் பேசியபோது, எங்களுக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் அது கடமைக்குச் சொன்னதாகவே இருக்கும் என்று பட்டது. மனச்சோர்வு என்ற நோயைப் பற்றியும், அதன் அறிகுறிகளைக் கண் முன்னே வைத்துக்கொண்டு நாங்கள் எப்படிக் காணாமல் விட்டோம் என்பதைப் பற்றியும்தான் இன்று பேசப் போகிறோம்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம். இதைச் சொல்ல அவள் சம்மதம் தந்திருக்கிறாள். சொல்லப் போவதை முன்கூட்டியே வாசித்தும் இருக்கிறாள். வகுப்பில் யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டில் நோய், யாருக்குப் புத்தகம் இல்லை என்று எல்லாம் நினைவில் வைத்திருப்பது அவள்தான். படித்து ஆசிரியை ஆனாள். தான் பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்திலேயே படிப்பித்தாள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் போடுவதும், பழைய குழுப்படத்தை எடுத்துப் போட்டு எல்லோரையும் கிண்டல் செய்வதும் அவள்தான்.

சில வருடங்களுக்கு முன் அவளுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவளுடைய அம்மா தவறிப்போனார். செத்தவீட்டுக்குப் போனோம், அழுதாள், தேற்றினோம், திரும்பினோம். அதன் பிறகு குழுவில் அவள் எழுதுவது குறைந்தது. ஒரு பெருவிரல் அடையாளம் மட்டும் போடுவாள். பிறகு அதுவும் இல்லை. பிள்ளை பிறந்த செய்தியை அவளுடைய தங்கை சொல்லித்தான் அறிந்தோம். "இப்ப பெரிய டீச்சராகிட்டா, நம்மளை எங்க நினைப்பு" என்று எங்களில் ஒருத்தி எழுத, நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அந்த நாட்களில் அவள் எங்கள் இரண்டு டொக்டர்களில் ஒருவருக்கு ஒரு தடவை கோல் எடுத்தாள். "தலைவலி விடவே மாட்டேங்குதுடி, பால் குடுக்கிற நேரத்துல என்ன மாத்திரை குடிக்கலாம்?" என்று கேட்டாள். மாத்திரையின் பெயரைச் சொன்னோம். "வேற ஒன்னும் இல்லையே?" என்றும் கேட்டோம். "இல்ல, சும்மா அலுப்பாத்தான் இருக்கு" என்றாள். கிளினிக்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். வைத்துவிட்டோம். அந்தக் கோல் இரண்டு நிமிடம்கூட இல்லை. வருடக்கணக்கில் படித்த படிப்பு அந்த இரண்டு நிமிடத்தில் வேலை செய்யவில்லை.

அவளைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. பிள்ளையை நிறுத்துப் பார்க்க வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர். தோட்டங்களில் வேலை செய்தே தமிழ் பழகிய ஒரு சிங்களச் சகோதரி அவர். பிள்ளை பெற்ற தாய்மாரிடம் கேட்பதற்கென்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. 1987இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் உருவாக்கப்பட்டு, இன்று தமிழ், சிங்களம் உட்பட உலகின் பல மொழிகளில் இருப்பது அது. அவர் அதை எடுத்து வைத்து, உடைந்த தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. எங்கள் தோழி, "வந்திச்சு நோனா" என்றாள். அவ்வளவு நாளும் யாரும் கேட்கவில்லை; கேட்டதும் சொன்னாள். அந்தச் சகோதரி பிள்ளையையும் அவளையும் விட்டுப் போகவில்லை. கணவரைக் கூப்பிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார்.

இனி நோயைப் பற்றிச் சொல்கிறோம்.

கவலை வேறு, மனச்சோர்வு நோய் வேறு. அம்மா இறந்தால் அழுகிறோம். பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. அது நோயல்ல, மனுஷத்தன்மை. அந்தக் கவலை அலை மாதிரி வரும், போகும். நடுவில் பேரப்பிள்ளையைப் பார்த்தால் ஒரு சிரிப்பும் வரும். மனச்சோர்வு நோயில் அந்த இடைவெளி இல்லை. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியும், குறைந்தது இரண்டு கிழமையாக அது தொடரும். செய்துவந்த வேலைகளையும் குலைத்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேருக்கு இந்த நோய் இருக்கிறது. ஆண்களை விடப் பெண்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம். கர்ப்பிணிகளிலும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களிலும் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

வைத்தியர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கிறார்கள். மனம் தாழ்ந்து கிடப்பது. எதிலும் நாட்டமோ சந்தோஷமோ இல்லாமல் போவது. தூக்கம் கெடுவது, அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது. பசி குறைவது அல்லது கூடுவது. உடல் சோர்வு. நடையும் பேச்சும் மந்தமாவது, அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிப்பது. தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம், காரணமில்லாத குற்ற உணர்வு. கவனம் சிதறுவது, சின்ன முடிவும் எடுக்க முடியாமை. கடைசியாக, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் ஐந்தாவது இருந்து, அந்த ஐந்தில் ஒன்று முதல் இரண்டில் ஒன்றாகவும் இருந்தால், அது இந்த நோய்தானா என்று வைத்தியர் பார்க்க வேண்டும்.

இது புத்தகத்தில் இருப்பது. நம் வீடுகளில் இது எப்படி இருக்கும் என்பதைத்தான் நாங்கள் பிந்தித் தெரிந்துகொண்டோம்.

நம் பெண்கள் டிஸ்பென்சரிக்குப் போய் "மனசு சரியில்லை" என்று சொல்வதில்லை. தலைவலி, நெஞ்சு அடைக்கிற மாதிரி, உடம்பெல்லாம் எரிவு, கை கால் ஓய்ச்சல், அலுப்பு என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, உண்மையாகவே வலிக்கிறது. பனடோல் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இரண்டு கிழமையில் மறுபடி வருவார்கள். ஒரே ஆள், ஒரே வலி, பரிசோதனையில் ஒன்றும் இல்லை, மூன்றாவது தடவை வந்து நிற்கிறாள் என்றால், அங்கே வலியைத் தவிர வேறொரு கேள்வியும் கேட்க வேண்டும்.

தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு வெகு நேரம் முன்பே விழிப்பு வந்து, பிறகு தூக்கமே வராமல் இருட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பது இந்த நோயின் முக்கியமான அடையாளம். ஆனால் லயத்தில் எந்தப் பெண் நாலு மணிக்கு எழும்பாமல் இருக்கிறாள்? தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் புள்ளைக்காம்பராவில் விட்டுப் பெரட்டுக்குப் போக வேண்டும். அதனால் அந்த அடையாளம் நம் வழக்கத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. "எத்தனை மணிக்கு எழும்புறீங்க?" என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. "எழும்புறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் முழிச்சுக்கிட்டு கெடக்குறீங்க?" என்று கேளுங்கள்.

இன்னொன்று, பலருக்குக் காலைதான் மிக மோசமான நேரம். கல்லைக் கட்டிவிட்ட மாதிரி எழும்ப முடியாது. பின்னேரத்தில் கொஞ்சம் லேசாகும். வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது பார்ப்பது அந்தப் பின்னேர முகத்தை. "ராத்திரி நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தா, காலையில மட்டும் எப்படி நோய் வருது? வேலைக்குப் போகக் கள்ளம்" என்று சொல்வார்கள். கள்ளம் அல்ல. நோயே அப்படித்தான்.

கொழுந்து எடுக்கிற பெண்ணாக இருந்தால் எடையைப் பாருங்கள். மழை இல்லை, மலையில் கொழுந்தும் இருக்கிறது, கை பழகிய ஆள். ஆனாலும் கிலோ குறைந்துகொண்டே வருகிறது, அரைப்பேர் விழுகிறது. பால் வெட்டுகிறவளாக இருந்தால் வெட்டாமல் விட்ட மரங்கள் கூடுகின்றன. ஆசிரியையாக இருந்தால் திருத்தாத கொப்பிகள் மேசையில் குவிகின்றன. கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளையாக இருந்தால் கணக்குப் பிழைக்கிறது. கங்காணியோ, அதிபரோ, முதலாளியோ ஏசுவார்கள். ஏச்சு வாங்கியவள், "நான் ஒன்னுக்கும் ஒதவாதவ" என்று ஏற்கனவே நினைத்துக்கொண்டிருப்பதற்குச் சாட்சி கிடைத்த மாதிரி இன்னும் ஒடுங்கிப்போவாள்.

அழுகையை மட்டும் எதிர்பார்த்து இருக்காதீர்கள். அழவும் முடியாத அளவுக்கு மரத்துப்போனவர்கள் உண்டு. எதை நிறுத்திவிட்டாள் என்று பாருங்கள். இஸ்தோப்பில் வைத்திருந்த பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியிருப்பாள். வாசலில் கோலம் இல்லை. தேர்த் திருவிழாவுக்கு வரவில்லை. தலை பின்னிக்கொள்வதில்லை. வெளிநாட்டில் இருக்கிறவள் என்றால் கோலுக்குப் பதில் இல்லை, குழுவில் சத்தம் இல்லை. எங்கள் தோழி காலை வணக்கத்தை நிறுத்தினாள். அது எங்கள் கைக்குள்ளேயே, ஃபோனிலேயே இருந்த அறிகுறி.

வயதுக்கு வயது முகம் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டைப் பிள்ளைகளிடம் இது எரிச்சலாகவும் கோபமாகவும் வரும்; புள்ளிகள் சரியும்; கதவைச் சாத்திக்கொள்வார்கள். வயதான அம்மாமாரிடம் மறதியாக வரும். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவோம். ஆண்களிடம் குடியாகவும் சண்டையாகவும் வரும். பிள்ளை பெற்றவளிடம், பிள்ளையைத் தூக்கினாலும் ஒட்டுதல் வராத ஒரு வெறுமையாக வரும், அதை வெளியே சொன்னால் "நீயெல்லாம் தாயா?" என்பார்களே என்று அவள் சொல்லவே மாட்டாள். பிள்ளை பெற்ற சில நாட்களில் ஒருத்தி தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசினால், யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்றால், பிள்ளைக்கு ஏதோ செய்துவிடுவேன் போல இருக்கிறது என்றால், அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம். சாமி வந்திருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லா அலுப்பும் மனச்சோர்வு அல்ல. நம் பெண்களிடம் இரத்தச்சோகை பரவலாக இருக்கிறது. தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்தாலும் இதே சோர்வு, இதே மந்தம், இதே மறதி வரும். ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை. இரத்தம் குறைவு என்று தெரிந்து மருந்து கொடுத்தும் அலுப்பு போகவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம்.

ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். ஒற்றைக் காரணம் இல்லை. பரம்பரை ஒரு பங்கு, மூளையின் இரசாயனம் ஒரு பங்கு, வாழ்க்கையில் விழுந்த அடிகள் ஒரு பங்கு. சப்ரகமுவவில் நம் குடும்பங்களுக்கு விழுந்த அடிகளை நீங்கள் அறிவீர்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் அக்கா அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்த வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்ததை நம் தாய்மார் கண்டார்கள். இரண்டு வருடத்தில் 1983. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மலை சரிந்தது. ஒவ்வொரு தடவையும் நம் அம்மாமார் செய்தது ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டு, முந்தானையை இறுக்கிக்கொண்டு, மறுநாள் மலைக்குப் போனார்கள். அந்தப் பொறுமையால்தான் நாம் படித்தோம். இதை மறக்க முடியாது. ஆனால் அந்தப் பொறுமையோடு சேர்த்து "சொல்லாதே" என்ற பாடத்தையும் நமக்குத் தந்துவிட்டார்கள். இந்த நோயில் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து.

சொல்ல நினைத்தாலும் எந்த மொழியில் சொல்வது? இது நம் பகுதிக்கு உரிய பிரச்சினை. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழியாகி 1987இலிருந்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. ஆனால் நம் மாவட்டங்களில் பல கிளினிக்குகளில் தமிழ் தெரிந்தவர் இருப்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே பேசும். சீனி கூடினால் இரத்தம் பேசும். மனச்சோர்வுக்கு எக்ஸ்ரே இல்லை. நோயாளியின் வாய்ச்சொல்தான் பரிசோதனை. சிங்களம் சரளமாக வராத அம்மா "அமாருய்" என்ற ஒரே சொல்லோடு நிற்பார். இல்லாவிட்டால் பாடசாலை உடுப்போடு மகளைக் கூட்டிப்போவார், மொழிபெயர்க்க. பத்து வயது மகளை நடுவில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் "எனக்குச் சாகணும் போல இருக்கு" என்று சொல்வாள்? தலைவலி என்றுதான் சொல்வாள். மகளும் தலைவலி என்றுதான் மொழிபெயர்ப்பாள்.

நாங்களும் சிறு வயதில் அம்மாவுக்காக அப்படி மொழிபெயர்த்தவர்கள்தான். அம்மா அன்று என்னவெல்லாம் சொல்லாமல் விட்டிருப்பார் என்று இப்போது யோசிக்கிறோம்.

அடுத்து, எப்படிக் கேட்பது.

முதலில் இரண்டே கேள்வி போதும். "இந்த ரெண்டு கிழமையா மனசு சோர்ந்து, ஒரு நம்பிக்கையும் இல்லாத மாதிரி இருக்கா?" "முன்ன ஆசையா செஞ்சதெல்லாம் இப்ப செய்யத் தோணலையா?" இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மேலே கேளுங்கள். தனியாக இருக்கும்போது கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நமக்கு அதுதான் கஷ்டம். அவள் வாய் திறப்பதற்குள் நாம் புத்தி சொல்லத் தொடங்கிவிடுவோம்.

சாவு பற்றியும் கேட்க வேண்டும். "வாழ்ந்து என்ன செய்யன்னு தோணுதா? உயிரை விட்டுடலாம்னு நெனப்பு வந்திச்சா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி ஊட்டுவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்டதும் பலருக்குப் பாரம் இறங்குகிறது. எங்கள் தோழி பிறகு சொன்னாள்: "யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்தேன்." சிலர் நேராகச் சொல்ல மாட்டார்கள். "எல்லாரையும் ஒருக்கா பார்க்கணும் போல இருக்கு," "நான் இல்லாட்டியும் புள்ளைங்க வளர்ந்துருங்க" என்பார்கள். தோட்டைக் கழற்றி மகளிடம் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவளைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

நம் நாடு இதில் உலகத்துக்கு ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேரில் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று அது. அதே காலத்தில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1998இல் இன்னொன்று, 2008க்கும் 2011க்கும் இடையில் தோட்டங்களில் புல்லுக்கு அடித்து வந்த பரகுவாட் உட்பட மேலும் மூன்று. இருபது வருடங்களில் அந்த எண்ணிக்கை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. பல்லாயிரக்கணக்கான உயிர்கள் தப்பின. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது, சாக வேண்டும் என்ற அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்பதை. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கையில் அகப்படாவிட்டால் ஆள் தப்பிவிடுகிறாள். ஆகவே வீட்டில் ஒருத்தி சோர்ந்திருந்தால் மருந்து மாத்திரைகளையும், மலைக்கு அடிக்கும் மருந்தையும் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்திருங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: உயிரை விட முயல்வது 1998க்கு முன் சட்டப்படி குற்றம், இப்போது இல்லை. பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

சிகிச்சை இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகவே இருக்கிறது. "அங்கொடைக்கு அனுப்பணும்" என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்தோமே, அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். மாவட்ட வைத்தியசாலைகளில் மனநல கிளினிக் நடக்கிறது. பெரும்பாலானோர் வீட்டில் இருந்தபடியே குணமாகிறார்கள். லேசானது என்றால் பேசிக் குணப்படுத்தும் சிகிச்சையே போதும். மற்றவர்களுக்கு மாத்திரையும் வேண்டும். மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். முதல் நாட்களில் குமட்டல் வரலாம். "குடிச்சேன், ஒன்னும் நடக்கல" என்று ஐந்தாம் நாள் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நிறுத்தாதீர்கள். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். பிறகு வைத்தியர் சொல்லும்படி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். இவை போதை மாத்திரைகள் அல்ல. பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பொருத்தமானவையும் உண்டு. கோயிலுக்குப் போகிறவர்கள் போகட்டும், நூல் கட்டுகிறவர்கள் கட்டட்டும்; கிளினிக் திகதியை மட்டும் தவறவிடாமல் இருந்தால் சரி.

இவள் நம் வீட்டில் இருந்தால் என்ன செய்வது? "மனசைத் தைரியமா வச்சுக்க," "உனக்கு என்ன குறை?" என்று சொல்லாதீர்கள். காலொடிந்தவளிடம் தைரியமாக நட என்கிற மாதிரி அது. "வா, அந்த வளைவு வரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்று சொல்லுங்கள். "பிள்ளையைத் தா, நீ ரெண்டு மணித்தியாலம் தூங்கு" என்று சொல்லுங்கள். கிளினிக் நாளில் கூடப் போங்கள்.

இங்கே எங்கள் வகுப்பு சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறது. ஒன்று, ஒவ்வொரு வகுப்பும் தங்கள் பெயர்ப்பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசியாக எப்போது பேசினோம் என்று குறிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் சத்தமில்லாத பெயருக்கு யாராவது ஒருத்தி கோல் எடுக்க வேண்டும். எழுத்துச் செய்தி அல்ல, குரல். கூடலூரில் இருக்கும் அக்காவோ, ரொறொன்ரோவின் பனியில் இரவு வேலைக்குப் போகும் தங்கையோ, எல்லோரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். இரண்டாவது, இரு மொழியும் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நம்மிடம் பலர். கிளினிக் நாட்களில் வைத்தியசாலையின் அனுமதியோடு ஒருவர் போய் இருந்தால், மகள்மாரை மொழிபெயர்க்கக் கூட்டிவர வேண்டியதில்லை. கேட்டதை அங்கேயே மறந்துவிடுகிற மனப்பக்குவம் மட்டும் வேண்டும். எங்கள் வகுப்பில் மூவர் பெயர் கொடுத்துவிட்டோம்.

தொலைபேசி இலக்கங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், தமிழிலும் பேசலாம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோவும் இருக்கிறது. இந்தியாவில் 14416, தமிழிலும் உண்டு. இங்கிலாந்தில் 116 123. கனடாவில் 988.

எங்கள் தோழி ஏழு மாதம் மருந்து எடுத்தாள். மூன்றாவது கிழமையில் ஒரு நாள் சாம்பாரில் உப்பு போதாது என்று தெரிந்ததாம். அத்தனை நாளும் சாப்பாட்டுக்கு ருசியே இருந்ததில்லையாம். அன்றைக்குத்தான் பிழைத்துவிடுவேன் என்று நம்பியதாகச் சொன்னாள். நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டபோது, "நீங்க டொக்டர்மாரு, ஆனா அந்த நோனாதான் ஒக்காந்து கேட்டாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் எங்களோடேயே இருக்கிறது. இப்போது கிளினிக்கில் யார் "அலுப்பாத்தான் இருக்கு" என்று சொன்னாலும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் அடுத்த கேள்வியைக் கேட்கிறோம்.

அவள் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். எந்த வரிசை என்று சொல்ல மாட்டோம். அவளுடைய சின்னப் பிள்ளை இந்தப் பாடசாலையில்தான் படிக்கிறாள். எங்கள் குழுவில் இன்று காலை வணக்கமும் வந்தது.

வீட்டுக்குப் போனதும் ஒரு கோல் எடுங்கள். யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.